மூன்றாவது புள்ளடி

சவுக்குமலைத் தோட்டத்தில் றோசாலியின் சேலையை நனைக்காத வாக்காளர் கிடையாது என்று பகிடியாகச் சொல்வார்கள். பகிடி என்றாலும் உண்மைதான். 1997 ஆகும்போது இருபத்திரண்டு வருடமாக அந்தத் தோட்டத்துப் பிள்ளைமடுவம் அவருடைய கையில் இருந்தது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் வந்து பாலூட்டிவிட்டு மறுபடி மலை ஏறுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் முப்பது நாற்பது குழந்தைகளுக்கு றோசாலிதான் தாய். அந்தக் குழந்தைகள் வளர்ந்து, அடையாள அட்டை எடுத்து, 1997இல் வோட்டுப் போட வரிசையில் நின்றபோது, தங்களை முதன்முதலாக அதட்டிய குரலுக்கே வோட்டுப் போட்டார்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயர் சிற்றம்பலம். சண்டிலிப்பாயில் பிறந்தவன். இரண்டு வருடத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பதுளைக்கு உத்தியோகம் பார்க்க வந்து, சண்டை மூண்டு பாதை மூடப்பட, இங்கேயே மயிர் நரைத்தவன். லுணுகலைப் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றில் பதினெட்டு வருடம் கிளாக்கராக இருந்தேன். கந்தோரில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் றோசாலி சபைக்கு வந்த நாள் முதல் அவருக்கு வாயும் காதும் நான் என்று ஆயிற்று. இப்போது ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுகிறேன். அந்தக் காலத்தில் ‘நீர்’ என்றுதான் பேசினேன். கௌரவ உறுப்பினரை ‘நீர்’ என்று சொல்லும் கிளாக்கர் இலங்கையில் வேறு எங்கேயும் இருந்திருக்கமாட்டான்.

அவர் உறுப்பினரானதே இரண்டு ஆம்பிளைகளின் சண்டையால்தான். பெரிய கட்சியின் பட்டியலில் தோட்டத்து ஆள் ஒருவருக்கு இடம் என்று யூனியன் கேட்டு வாங்கியிருந்தது. அந்த ஒரு இடத்துக்கு இரண்டு தலைவர்மார் அடிபட்டார்கள். எனக்கில்லாவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்குப் போகக்கூடாது என்ற நிலைக்கு வந்த பிறகு, யாருக்கும் தொந்தரவில்லாத ஒரு பெயராக றோசாலியைப் போட்டார்கள். பெயரைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மறந்துபோனார்கள். தோட்டத்துச் சனம் மறக்கவில்லை.

எங்கள் தேர்தல் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி. பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் பிடித்தவர்களின் இலக்கத்துக்கு மேலே மூன்று புள்ளடி வரை போடலாம். அதற்கு விருப்பு வாக்கு என்று பெயர். மூன்று போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்றைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். சிறிய கூட்டத்துக்கு அதுதான் புத்தி. ஏனென்றால் ஒரே பட்டியலில் நிற்கிறவர்கள்தான் ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள். மற்றவனுக்குப் போடுகிற ஒவ்வொரு புள்ளடியும் நம்முடைய ஆளைப் பின்னால் தள்ளும். 1997இல் யூனியன்காரர்கள் தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாகப் போய், றோசாலியின் இலக்கமான ஏழுக்கு மட்டும் போடுங்கள், மற்ற இரண்டையும் தொடாதீர்கள் என்று சொன்னார்கள். சனம் கேட்டது. ஆனால் மனசுக்குள் ஒரு குறை இருந்தது. கொடுக்கக் கையில் மூன்று இருக்கும்போது ஒன்றை மட்டும் கொடுத்து இரண்டை மடித்து வைப்பது என்ன பழக்கம் என்று கிழவிகள் முணுமுணுத்தார்கள்.

முதல் கூட்டம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. செயலாளர் உறுப்பினர்களின் பெயரை வாசித்தார். ஒவ்வொருவரும் கையை உயர்த்தினார்கள். றோசாலியின் பெயர் வந்ததும் அவர் எழுந்து நின்றார். மற்றப் பெயர்களும் வாசித்து முடிந்தது, அவர் இன்னும் நிற்கிறார். சபைத் தலைவரான தவிசாளர் கதிரையில் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். றோசாலி இருக்கவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“பேரு கூப்புட்டாங்க ஐயா. என்னா வேலைன்னு சொல்லலையே?”

தோட்டத்தில் அதுதான் முறை. விடியப் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட கையோடு எந்த மலை, என்ன வேலை என்று சொல்வார். சொன்ன பிறகுதான் நகர முடியும். நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் சபை வெடித்துச் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பிறகு வருடக்கணக்காக அந்தச் சபையில் இருந்து குறிப்பெழுதியபோதுதான் யோசித்தேன்: மாதாமாதம் பதினைந்து பேருக்குப் பெயர் கூப்பிட்டோம், ஒருவருக்கும் வேலை சொன்னதில்லை.

றோசாலிக்கு ஒரு வேலை இருந்தது. அதை அவராகவே கொண்டுவந்தார். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு லயங்களுக்கும் பஸ் போகிற வீதிக்கும் நடுவில் ஓர் ஆறு. அந்தப் பக்கம் கொஸ்கஹவெல என்ற சிங்களக் கிராமம். குறுக்கே ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் அந்த ஒற்றை மரத்தில் நடந்துதான் லுணுகலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் பள்ளிக்கூடம் இல்லை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் எங்கள் பக்கம் மழைதான். பிள்ளைமடுவத்தில் தன் மடியில் கிடந்து வளர்ந்தவர்கள் ஆறாம் வகுப்பில் நின்றுபோவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்திருந்தது. அந்த ஆற்றுக்கு ஒரு பாலம். சபைக்கு வந்த நாள் முதல் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

சட்டத்தை எடுத்து வாசிக்கச் சொல்லித் தவிசாளர் எனக்குத்தான் சொன்னார். வாசித்தேன். தோட்டம் என்பது தனியார் நிலம், அதற்குள் சபை செலவழிக்க முடியாது. நாங்கள் செலவழிக்கக்கூடிய எல்லை ஆற்றின் நடுவோடு முடிகிறது. அப்படியென்றால் என்ன என்று றோசாலி கேட்டார். பாதி ஆறு எங்களுடையது, மற்றப் பாதி தோட்டத்துடையது என்றேன். சட்டத்தில் எனக்கிருந்த ஞானத்தை நினைத்து எனக்கே அப்போது பெருமையாக இருந்தது. அவர், அப்படியானால் இந்தச் சபைப் பகுதியில் இருக்கிற எட்டுத் தோட்டத்துச் சனம் போட்ட வோட்டில் வந்த நான், எட்டுத் தோட்டத்துக்கும் ஒன்றும் செய்ய முடியாது, அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றேன்.

அடுத்த வருடம் யூனியனிலிருந்து ஒரு மகஜர் வந்தது. தோட்டப்பகுதிச் சனத்துக்கென்று ஒவ்வொரு சபையிலும் ஓர் ஆசனத்தைச் சட்டத்தில் ஒதுக்க வேண்டும், இதுபற்றிச் சபையின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார்கள். கிராமத்து உறுப்பினர்கள் எதிர்ப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். முதலில் எழுந்து எதிர்த்தவர் றோசாலி.

“தனின்னு குடுத்தது எதுவும் எங்களுக்கு நல்லதா குடுத்ததில்லைங்க. தனி ஆஸ்பத்திரி குடுத்தாங்க, டாக்டர் இல்ல. தனிப் பள்ளிக்கூடம் குடுத்தாங்க, அஞ்சு வகுப்புக்கு ஒரு மாஸ்டர். இந்த நாற்காலியையும் தனியா குடுத்தா ஒரு ஓரமாத்தான் போடுவாங்க. எல்லாரோடயும் வரிசையில நின்னு வாங்குனாத்தான் அது எங்களுது.”

சபை மேசையைத் தட்டி வரவேற்றது. நான் அதைச் சிங்களத்தில் அழகாக மொழிபெயர்த்துக் கூட்டக் குறிப்பில் ஒரு சொல் விடாமல் எழுதினேன். எனக்கும் அவருடைய கருத்துத்தான். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. படிப்பும் தகுதியும் இருந்தால் யாரும் வரலாம், ஒதுக்கீடு எதற்கு என்று நினைக்கிற சாதி நான். பிள்ளைமடுவத்தில் தொட்டில் ஆட்டிய ஒருவர் இந்தளவுக்கு வந்ததே பெரிய காரியம் என்றும் ஒரு நினைப்பு. மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

கொஸ்கஹவெலவில் இருந்து வந்த உறுப்பினர் பியதிலக்க. மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள, வயல் செய்கிற கமக்காரர். கிராமத்துப் பெண்கள் கொழுந்து கூடின மாதங்களில் தோட்டத்துக்கு அன்றன்றைக்குக் கூலி வாங்கும் கைக்காசு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களும் அந்த மரத்தில்தான் நடந்தார்கள். அதனால் பாலம் அவருக்கும் தேவை. இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேசியது எந்தப் பாஷையில் என்று கேட்காதீர்கள். றோசாலிக்குச் சந்தைச் சிங்களம், பியதிலக்கவுக்குத் தோட்டத்துத் தமிழ் பத்துச் சொல். நான் இல்லாமலே அவர்கள் பேசி முடித்தது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

வழி இதுதான். கிராமத்துப் பக்கம் பாதிப் பாலத்தைச் சபை கட்டுவது. மற்றப் பாதியைத் தோட்டத்திடம் வாங்குவது. சபைப் பாதிக்குப் பியதிலக்க பிரேரணை கொண்டுவந்தார். தோட்டப் பாதிக்கு றோசாலி தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையிடம் போனார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்று சொன்னால் தொரைக்குக் காது கேட்காது என்று அவருக்குத் தெரியும். ஆற்றில் தண்ணீர் கூடினால் கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள், கொழுந்து முற்றிப்போகும் என்று சொன்னார். தொரைக்கு உடனே கேட்டது. பக்டரியில் கிடந்த பழைய தண்டவாளத்தையும் பலகைகளையும் கொடுத்தார்.

1999இல் பாலம் முடிந்தது. நடு ஆறு வரைக்கும் சபையின் சீமெந்து. அங்கிருந்து தோட்டத்தின் பலகை. இரண்டும் ஒரே மட்டத்தில் வரவில்லை. நடுவில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு படி விழுந்தது. சபை மேஸ்திரியார் தோட்டத்து ஆசாரியையும், தோட்டத்து ஆசாரி மேஸ்திரியாரையும் ஏசினார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் படிதான் பிடித்திருந்தது. ஓடி வந்து அதிலிருந்து தொப்பென்று குதித்தார்கள்.

அந்தத் திறப்பு நாளைப் போல ஒரு நாள் எனக்கு மலையில் வேறு வாய்த்ததில்லை. இரண்டு கரையிலும் சனம். பியதிலக்கவின் மனைவி வாழையிலையில் பாற்சோறு வெட்டி அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். றோசாலி பிள்ளைமடுவத்துப் பெரிய கேத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். அவருடைய கணவர் அற்புதராஜ் மாதா கோவில் மணியைக் கழற்றிக்கொண்டு வந்து ஆட்டினார், சுவாமியார் அதற்குப் பிறகு ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. நான் மனைவி லீலாதேவியையும் மகள் நிவேதிகாவையும் கூட்டிப்போயிருந்தேன். பதினாறு வயது நிவேதிகா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நடந்து, நடுப்படியில் கால் இடறிச் சாய்ந்தாள். கம்பி இல்லாத பக்கம். எங்கிருந்து வந்தாரோ, றோசாலியின் கை அவளுடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தது. குழந்தைகளைப் பிடித்துப் பழகிய கை. அன்றைக்கு முழுவதும் என் மகள் அவரை விட்டு நகரவில்லை.

விடியக்காலைத் திறப்பு முடிந்ததும் பிள்ளைமடுவத்தை எட்டிப் பார்த்தோம். பத்து மணிப் பால் நேரம். தகரக் கோப்பைகளோடு சின்னதுகள் வரிசையில் நின்றன. றோசாலி ஊற்றத் தொடங்குவதற்கு முன் இரண்டு கோப்பைகளை நிரப்பித் தட்டால் மூடி மேலே வைத்தார். அது யாருக்கு என்று நிவேதிகா கேட்டாள். மேல்கணக்கிலிருந்து வருகிற இரண்டு பிள்ளைகளுக்கு என்றார். அவர்கள் வருவதற்குள் பானை காலியாகிவிடுமாம். லீலாதேவி வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூன்று வருடமும் பிள்ளைகள் மழையிலும் பள்ளிக்கூடம் போனார்கள். தோட்டத்துப் பலகை உக்க உக்க, றோசாலி உறுப்பினர் என்ற பெயரைச் சொல்லித் தொரையிடம் போய் மாற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பெயர் இல்லாவிட்டால் தொரையின் வாசலில் நாய்தான் பதில் சொல்லும். சபையில் அவருக்கு இருந்த கதிரையின் முழுப் பயனும் அந்தப் பலகைகள்தான்.

2002இல் மறுபடி தேர்தல். றோசாலியும் பியதிலக்கவும் ஒரே பட்டியலில். பியதிலக்க பிள்ளைமடுவத்துக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். உங்கள் சனம் மூன்றில் ஒன்றை எனக்குப் போடட்டும், எங்கள் சனம் ஒன்றை உங்களுக்குப் போடும், இரண்டு பேரும் சேர்ந்து போவோம். றோசாலிக்கு அது நியாயமாகப் பட்டது. வரிசையில் எல்லோரோடும் நிற்பது என்று அவர் சொன்னதே அதுதானே. யூனியன்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் லயம் லயமாகப் போய், எனக்கொன்று, பியதிலக்க மாத்தயாவுக்கு ஒன்று என்று சொன்னார். சனத்துக்குச் சந்தோசம். மடித்து வைத்த புள்ளடியைக் கடைசியில் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது. ஒரு வீடு தவறாமல் போட்டார்கள்.

கிராமத்திலும் பியதிலக்க சொன்னார். அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டியலில் ஒரு மச்சான் இருந்தான், ஒரு பெரியப்பா இருந்தார். மூன்று புள்ளடி அவர்களுக்கே போதவில்லை. கொஞ்சப் பேர் றோசாலிக்குப் போட்டார்கள். கொஞ்சப் பேர்தான்.

அந்தக் கட்சியில் ஒன்பது பேர் தெரிவானார்கள். ஒன்பதாவது பியதிலக்க. பத்தாவது றோசாலி. இரண்டு பேருக்கும் வித்தியாசம் இரண்டு விருப்பு வாக்கு.

மறுநாள் பியதிலக்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பிள்ளைமடுவத்துக்குப் போய், வாசலில் குந்தியிருந்துவிட்டுத் திரும்பிப் போனாராம். அவரைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்த வருட மழையில் ஆறு பெருகித் தோட்டத்துப் பாதியைக் கொண்டுபோய்விட்டது. சீமெந்துப் பாதி அப்படியே நின்றது. கிராமத்திலிருந்து நடந்து வந்தால் ஆற்றின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். பெரிய தொரை மாறிவிட்டார். புதியவரின் வாசலில் றோசாலி மூன்று தரம் நின்று திரும்பினார். பியதிலக்க சபையில் ஒருநாள் கேட்டார், நான் பழைய சட்டத்தை மறுபடி வாசித்தேன், அவர் கதிரையில் இருந்துவிட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் மறுபடி மழைக்கு வீட்டில் நின்றார்கள்.

2004இல், உள்ளூராட்சித் தேர்தல் முறையை மாற்றுவது பற்றிச் சனத்திடம் அபிப்பிராயம் கேட்க ஒரு குழு மாவட்ட நிர்வாகக் கந்தோரான பதுளைக் கச்சேரிக்கு வந்தது. தோட்டச் சனத்துக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்பதும் கேள்விகளில் ஒன்று. றோசாலி பேச வேண்டும் என்று பெயர் கொடுத்தார். மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். வெள்ளைச் சேலை உடுத்து, முதல் பஸ்ஸில் வந்து, எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றார்.

தனி ஆசனம் வேண்டும் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, குழுவில் ஒருவர் ஒரு கடதாசியை எடுத்து வாசித்தார். 1998இல் தனி ஆசனம் வேண்டாம் என்று சபையில் பேசியது நீங்கள்தானே என்று கேட்டார். அவர் கையில் இருந்தது என்னுடைய கூட்டக் குறிப்பு, என்னுடைய அழகான மொழிபெயர்ப்பு. ஒரு சொல் விடவில்லை என்று சொன்னேனே.

றோசாலி தடுமாறவில்லை.

“ஆமாங்க, நாந்தான் சொன்னேன். அப்ப அப்புடித்தான் நெனைச்சேன். வரிசையில நின்னா கெடைக்கும்னு நெனைச்சேன். நின்னு பாத்துட்டேங்க. புள்ளமடுவத்துல நான் பத்து மணிக்குப் பால் ஊத்துவேன். மேக்கணக்குப் புள்ளைங்க தூரத்துல இருந்து வரணும், அதுக்குள்ள பானை காலி. அதனால மொதல்லயே ரெண்டு கோப்பை ஊத்தி மூடி வச்சிருவேன். இருவத்தொம்பது வருசமா வச்சிருக்கேன். கீழ்க்கணக்குத் தாய்மாரு ஒருத்தரும் அது அநியாயம்னு சொன்னதில்ல. அந்தப் புள்ளைங்களுக்கு ஓடுற வயசு வந்ததும் அதுவே வரிசைக்கு வந்துரும். அப்பறம் நான் மூடி வைக்கிறதில்ல.”

அதையும் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். குழுத் தலைவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் கருத்துச் சொல்ல வந்திருந்த சட்டத்தரணி ஒருவர் எழும்பினார். இந்த அம்மா தோற்றது இரண்டே வாக்கால், கிராமத்தவர் போடவில்லை என்று ஏன் குறை சொல்ல வேண்டும், அந்தப் பிரதேசத்தில் இருக்கிற தமிழர்கள் எல்லோரும் ஒழுங்காகப் போட்டிருந்தாலே வந்திருப்பாரே, தன் சனமே போடாத ஒருவருக்குச் சட்டம் கதிரை போட்டுக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்கத் தொடங்கி நின்றுவிட்டேன். றோசாலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழுவதையும் சொன்னேன். அவர் சட்டத்தரணியின் பக்கம் திரும்பினார்.

“எங்க ஆளுங்க ஒருத்தர் பாக்கியில்லாம போட்டாங்கங்க. தமிழ் ஆளு ஒருத்தரும் என்னைய விட்டுக்குடுக்கல. அது எனக்குத் தெரியும்.”

அதை நான் என் வாயால் சிங்களத்தில் அந்தக் குழுவுக்குச் சொன்னேன். தமிழர் ஒருவர்கூட இவரைக் கைவிடவில்லை என்று, நல்ல சிங்களத்தில், சத்தமாக.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தார். பஸ் பசறை தாண்டியது. பிறகு, “அந்த ரெண்டு வோட்டு யாரோடதுன்னு எனக்குத் தெரியும்ங்க ஐயா” என்றார்.

நான் மடியில் இருந்த பைலைத் திறந்து கடதாசிகளை அடுக்கத் தொடங்கினேன்.

“எங்க வீட்டுதுதான். நானு, எங்க வீட்டுக்காரரு, மகன் றிச்சர்டு, மருமக. நாலு பேரு. இவரு அன்னைக்கே சொன்னாரு, நம்ம வீட்டுல மட்டுமாவது உன் ஏழாம் நம்பருக்குப் போட்டுட்டு நிப்பாட்டுவோம்னு. நாந்தான் ஏசுனேன். ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டு நம்ம ஒண்ணு செய்யிறதான்னு கேட்டேன். என் கையாலயே அவருக்குப் புள்ளடி போட்டேன். அந்த நாலும் இல்லாட்டி நான் வந்திருப்பேன். பாலமும் இருந்திருக்கும்.” என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “நான் செஞ்சது தப்பாங்க ஐயா?”

“இல்லை, நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை” என்றேன். ஏழு வருடத்தில் முதன்முதலாக ‘நீங்கள்’ என்றேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சொல்ல வேண்டியதை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். 2002இல் எங்கள் வீட்டிலும் மூன்று வோட்டு இருந்தது. நான், லீலாதேவி, முதல் வோட்டுப் போடுகிற நிவேதிகா. நானும் லீலாதேவியும் தேர்தல் கடமைக்குப் போகிறவர்கள், தபாலில் போட்டோம். சாப்பாட்டு மேசையில் கடதாசியை விரித்துவைத்துக்கொண்டு மனைவிக்கும் மகளுக்கும் இலக்கம் சொன்னவன் நான். றோசாலியின் பட்டியலிலேயே நின்ற தவிசாளருக்கு ஒன்று, ஏனென்றால் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். மருந்துக்கடை தாஸிமுக்கு ஒன்று, ஏனென்றால் நல்ல மனுசன். நிவேதிகா கேட்டாள், “அப்பா, றோசாலி அன்ரிக்கு?” அவ எப்பிடியும் வருவா, தோட்டத்து வோட்டே அவவுக்குக் காணும் என்றேன். அப்படியென்றால் மூன்றாவதை யாருக்குப் போடுவது என்று லீலாதேவி கேட்டாள். வெறுமையாக விடு, போட்டால் தவிசாளருக்குக் குறையும் என்றேன். எனக்குத்தான் கணக்குத் தெரியுமே. தோட்டத்துக் கிழவிகள் கொடுக்காமல் மடித்து வைக்க வெட்கப்பட்ட அந்தப் புள்ளடியை, நாங்கள் மூன்று பேரும் மடித்து வைத்தோம். நிவேதிகா அப்பா சொல் தட்டாத பிள்ளை. றோசாலியைத் தெரிவுசெய்ய அந்த மூன்றும் போதும்.

றோசாலி இதை அறியாமலே இருக்கிறார். தன் வீட்டு நான்கு வோட்டைப் பற்றி இன்னும் கோவிலில் பாவசங்கீர்த்தனம் சொல்கிறார் என்று அற்புதராஜ் ஒருநாள் லுணுகலைச் சந்தையில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கிழங்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழுவின் அறிக்கை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. 2006இல் மறுபடி தேர்தல் வந்தது. எனக்குப் பென்சனுக்கு முந்திய கடைசித் தேர்தல். தபால் வோட்டு வந்த அன்று அதே சாப்பாட்டு மேசையில் கடதாசியை விரித்தேன். இந்த முறை இலக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளாமல் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தேன். பிறகு கீழிருந்து மேலே. இரண்டு வாக்கில் தோற்ற ஆளுக்கு ஏன் மறுபடி இடம் என்று கட்சி அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்திருந்தது. எட்டுத் தோட்டத்திலிருந்தும் ஒரு பெயர் இல்லை.

நிவேதிகா கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தாள். நான் கடதாசியைப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டு பக்கத்தில் வந்து நின்றாள். லீலாதேவி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலாவது எந்த இலக்கம் என்று கேட்டாள்.

“ஏழு” என்றேன்.

அவள் பட்டியலைப் பார்த்தாள். இந்த முறை ஏழில் யாரோ பெரகலைப் பக்கத்து லொறிக்காரர் ஒருவருடைய பெயர் இருந்தது.